மூன்று நாள் தீனி

ஏழு வயதில் ஓரிடத்தில் உட்காரும் வழக்கமே எனக்கு இல்லை. "இன்னாடி, காலுல சக்கரமா கீது?" என்று அம்மா திட்டாத நாள் கிடையாது. அந்த வாரம் மட்டும் அதற்கு நியாயமான காரணம் இருந்தது. அத்தா மாமல்லபுரத்திலிருந்து ஓர் இளஞ்சேவலை, பைக்கு வெளியே தலை மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார்.

கடப்பாக்கத்தில் எங்கள் கொல்லையில் எட்டுக் கோழிகளும் ஒரு கிழட்டுச் சேவலும் இருந்தன. அப்பப்பா, கிழத்துக்கு என்ன திமிர்! தபால்காரரைக்கூட நிற்க விடாது. என் கைக்கு மட்டும் அடங்கும். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. புதுசை இரண்டு நாள் கூடையில் கவிழ்த்துக் கொல்லை நடுவில் வைத்தோம், மற்றவை பார்த்துப் பழகட்டும் என்று. கூடையைத் தூக்கியதும் கிழம் பாய்ந்து அதன் கொண்டையைக் கிழித்துவிட்டது. கோழிகளும் சும்மா இருந்தனவா? ஆளுக்கொரு கொத்து.

"ஒரு கொல்லைல ரெண்டு சேவலு ஆவாது. ஒண்ணுதான் நிக்கும்" என்றார் மாமா, பல் குத்திக்கொண்டே.

எனக்குச் சோறு இறங்கவில்லை. போகப்போவது சின்னதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். வேலிக்கும் அடுப்படிக்குமாக நடையாய் நடந்ததில் ஒரு மகா யோசனை உதித்தது. சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை மூடி வைத்தால் என்ன?

சொன்னதும் அம்மா அத்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "நானே சொல்லணும்னு இருந்தேன். வெள்ளிக்கெழம சம்மந்தி வூட்டுக்காரங்க வர்றாங்க. கால கட்டி மூணு நாளு மூடி வை. கண்டத தின்னாம நல்ல தீனியா போடு."

அறுக்கப்போகும் கோழியை மூன்று நாள் அடைத்துச் சுத்தமான தீனி போடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். எனக்கோ கறி தட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். நொய்யும் கம்பும் நானே அள்ளி அள்ளிப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சின்னது தொண்டை கிழியக் கூவியது. கோழிகள் அதன் பின்னாலேயே போயின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அத்தா, சேந்துக்கிச்சி! பெருச அவுத்து வுட்டுடலாமா?"

"நீயே புடிச்சினு வாம்மா. உன் கைக்குத்தான் அடங்கும்."

மார்போடு அணைத்துத் தூக்கிப் போனேன். இனிமேல் சின்னதைக் கொத்தக் கூடாது, ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் புத்தி சொன்னேன். அது திமிறவே இல்லை. கிணற்றடியில் அத்தா கத்தியோடு நின்றிருந்தார். கால்கட்டை அறுத்துவிடத்தான் என்று நினைத்து, கயிறு கட்டிய காலை நானே அவர் பக்கம் நீட்டிக் கொடுத்தேன்.