பேயை அடித்த வேலைக்காரி

ஹாலிவுட்டின் சில்லறைப் படக் கம்பெனிகளில் எவன் பேய்ப் படம் எடுத்தாலும் ஒடெஸா ராங்கினைத் தேடி ஆள் வந்துவிடும். வேலைக்காரி வேஷம்தான். கறுப்பருக்கு வேறென்ன கொடுத்துக் கிழித்தார்கள்? பேயைக் கண்டதும் முழியைப் பிதுக்கி, வீலென்று கத்தி, எசமானியை அம்போவென்று விட்டுவிட்டு ஓட வேண்டும். தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கும். வீட்டு வாடகை அந்த ஓட்டத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மகள் லொரீன் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று முழியைப் பிதுக்கிக் காட்டினார்களாம். படத்தில் ஒடெஸா பிதுக்கிய அதே முழி.

மறுநாள் படப்பிடிப்பில் டைரக்டர் க்ரெப்ஸிடம் நேராகவே போய்ச் சொன்னாள்.

"சார், இந்தத் தடவை நான் ஓட மாட்டேன்."

"ஓடலேன்னா வீட்டுக்குப் போ. ஓடறதுக்கு வேற ஆளா இல்ல?"

ஒடெஸா போய்த் தன் இடத்தில் நின்றாள். அது இரண்டாம் உலக யுத்த சமயம். யுத்தத்துக்குப் போனது போக மிச்சம்தான் அந்தக் கம்பெனிகளுக்குப் பிலிம். ஒரு காட்சிக்கு ஒரே டேக். விளக்கு சாய்ந்தாலும் சரி, அட்டைச் சுவர் ஆடினாலும் சரி, எடுத்தது எடுத்ததுதான், அப்படியே படத்தில் வரும். இது அவளுக்குத் தெரியாதா என்ன?

கேமரா ஓடியது. வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு பேய் வேஷக்காரன் க்ளெம் கையை விரித்தபடி வந்தான். ஒடெஸா மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்தாள். வைத்தாள் பாருங்கள் ஒன்று! துணி காலில் சிக்கி, "ஐயோ!" என்று பேய் மாடிப்படியில் உருண்டது.

"எந்திரிச்சு வந்தே, இன்னொண்ணு விழும்," என்றாள். முழி இருந்த இடத்திலேயே இருந்தது.

க்ரெப்ஸ் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "அடிப்பாவி! வேணும்னே பண்ணினியா?"

"ஆமா சார். பிலிம் இருந்தா இன்னொரு தடவை எடுங்க."

இருந்தால்தானே! காட்சி படத்தில் நின்றது, ஒடெஸாவின் வேலை போயிற்று. விமானத் தொழிற்சாலையில் ரிவெட் ஆணி அடிக்கப் போனாள்.

படம் வெளிவந்தது. கறுப்பர்கள் வாழும் சென்ட்ரல் அவென்யூவின் தியேட்டரில் பேய் மேல் துடைப்பம் விழுந்ததும் சனம் நாற்காலி மேல் ஏறிக் கத்தியது. லொரீன் கத்திய கத்தலில் தொண்டையே கட்டிப்போயிற்று. அந்த வாரமே க்ரெப்ஸ் ஃபோன் செய்தார்.

"ஒடெஸா, ஜனங்க உன்னைத்தான் கேக்கறாங்க. அடுத்த பேய்ப் படத்துக்கு வா. துடைப்பம் தரேன்."

"துடைப்பத்தை நீங்களே வச்சுக்குங்க சார். பேய் வர்ற வீடு என்னோட வீடா இருக்கற கதை இருந்தாச் சொல்லுங்க, வரேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் ஃபோனை வைத்துவிட்டாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.