கீரையாகிப் போன மொட்டுகள்

எங்கள் காய்கறி ஆய்வுப் பண்ணையில் ஆறு வருஷமாக நுண்ணோக்கியே கதியென்று கிடந்தவர் குரோய்வா சுமியே. முட்டைக்கோசையும் டர்னிப்பையும் கலந்து புதுக் கீரை கொண்டுவருவது அவர் வேலை. கலப்புச் செடி நன்றாகத்தான் வளரும். விதை மட்டும் வைக்காது. கோசிடமிருந்து வந்த ஒன்பது குரோமோசோமும் டர்னிப்பின் பத்தும் ஜோடி கிடைக்காமல் உயிரணுவுக்குள் திக்குத் தெரியாமல் அலையும். மருந்து வைத்து இரட்டிப்பாக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி உண்டு. அந்த வசந்தத்தில் ஒரே ஒரு கிளை அப்படித் தடித்து மொட்டு விட்டிருந்தது.

மறுநாள் நண்பகலுக்குள் பத்தொன்பது ஜோடியைக் காட்டாவிட்டால் பாத்தியை உழுது வெங்காயம் போடுவேன் என்றிருந்தார் இயக்குநர் உச்சிகசாகி. சொன்னால் செய்கிற மனிதர். அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

காலையில் சுமியேயும் அவருக்கு உதவியாக இருந்த நானும் போனால் கிளையில் ஒரு மொட்டுக் கொத்துகூட இல்லை. சுமியே நேரே சமையலறைக்கு ஓடினார்.

“தோயோ அக்கா, கடைசிப் பாத்தியில யாரு கை வச்சது?”

சமையல்கார தோயோ அடுப்பைவிட்டுத் திரும்பவேயில்லை. “நான்தான். மொட்டா இருக்கறப்பவே கிள்ளிடணும்மா, பூத்துட்டா கசக்கும். வேகவச்சு சோயா சாஸ் விட்டு வச்சிருக்கேன்.”

“அய்யோ, என் ஆறு வருஷத்த வேகவச்சிட்டீங்களே!”

“அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டு வச்சிருக்கக் கூடாதா? எனக்கு எல்லாம் கீரைதான்!”

தோயோவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குளிர்காலம் முழுக்க ஊறுகாயே தின்ற நாக்கு எங்களுடையது. வசந்தத்தில் அந்த மொட்டைக் கண்டால் எங்கள் ஊரில் யார் கையும் சும்மா இருக்காது.

இலைக்கக்கத்தில் ஒளிந்திருந்த நான்கு மொட்டுகள்தான் அகப்பட்டன. மகரந்தம் உருவாகத் தொடங்கும் பருவத்து மொட்டில்தான் ஜோடிகள் கண்ணில் படும். முதலாவது பிஞ்சு. அடுத்த இரண்டும் முற்றி, உள்ளே மகரந்தமே ஆகிவிட்டிருந்தது. அதற்குள் இயக்குநர் வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

“போதும்மா. உழவுக்குக் குதிரை பூட்டியாச்சு.”

“இன்னும் ஒண்ணு இருக்குங்க ஐயா.”

கடைசி மொட்டைப் பிளந்து, சிவப்புச் சாயத்தில் நசுக்கி, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்து விளக்கில் லேசாகக் காட்டினார். இனி கட்டைவிரலால் அழுத்தவேண்டும். விரல் மயிரிழை நழுவினாலும் எல்லாம் கூழ். இடது கையால் வலது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.

நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து நகர்ந்தார்.

“ஐயா, நீங்களே எண்ணுங்க.”

இயக்குநர் முணுமுணுத்து எண்ணினார். பன்னிரண்டில் தப்பி, மறுபடி தொடங்கினார்.

“பதினெட்டு... பத்தொன்பது.”

“தனியா ஏதாவது நிக்குதா?”

“இல்ல.” இன்னொரு முறை பார்த்தார். ஜன்னலைத் திறந்து கத்தினார்: “டேய், குதிரைய அவுத்து விடு!”

கிளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கிள்ளிய இடத்தில் மறுபடி தழைக்கும். மத்தியானச் சாப்பாட்டில் சுமியே அந்தக் கீரையை ஒரு வாய் போட்டு, மென்றுகொண்டே அழுதார்.

“கசக்குதாம்மா?” தோயோ பயந்துபோனார்.

“ரொம்ப நல்லாருக்குக்கா. அடுத்த வருஷம் உங்களுக்கே விதை தர்றேன். அதுவரைக்கும் அந்தப் பாத்திப் பக்கம் வந்தீங்க, கைய ஒடிச்சிடுவேன்.”