நெடியே வராத மிளகாய்

வேலையால் வந்த அலுப்போடு இன்று டாக்கோவுக்குச் சோஸ் செய்தேன். ஆஞ்சோ என்ற மெக்சிக்கன் செத்தல் மிளகாயை முதலில் வெறும் சட்டியில் வறுக்க வேண்டும்.

மாமி குசினிக்குள் வந்தார்.

"என்ன பிள்ளை, செத்தல் வறுக்கிறாய், ஒருத்தருக்கும் தும்மல் வரேல்லை?"

"இது பெரிசா உறைக்காது மாமி."

"உறைக்காட்டி அது என்ன மிளகாய்? இது கண்ணூறு!"

திருஷ்டி கழிக்கச் சுற்றிப் போட்ட மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் கண்ணூறு கடுமை என்பது மாமியின் கணக்கு. நான் எதையும் சுற்றவேயில்லை.

"புது வீட்டைப் பார்த்து ஆரோ வயிறெரிஞ்சிருக்கினம்."

கிரெய்கிபர்னில் வாங்கிய இந்த வீட்டின் கடனுக்காக நானும் கணவரும் ஆளுக்கொரு ஷிப்ட். ஒன்றாக இருந்து சாப்பிட்டே எத்தனையோ நாள்.

வயிறெரிந்தவர் இங்கே இருந்தால் கமெண்டில் வாருங்கள். வீட்டுச் சாவியைத் தருகிறேன். நாளை விடியற்காலை ஷிப்டுக்கும் நீங்களே போய்விடுங்கள்.