லவெர்ன் மூடாமல் போன கதவு

பண்ணைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனாள், நாற்பது பசுக்கள் ரோட்டுக்கு வந்துவிட்டன என்றுதானே இன்னும் சொல்லித் திரிகிறீர்கள்? திறந்திருந்தால் திறந்தே விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ. மாட்டுப் பண்ணைகள் நிறைந்த இந்த மொன்டானாவில் நடக்கத் தொடங்கும் பிள்ளைக்கே அது தெரியும். முப்பத்தொரு வருஷம் திறக்க ஒருமுறை, மூட ஒருமுறை என்று வண்டியை விட்டு இறங்கி இறங்கி அந்தக் கம்பிக்கதவை மூடிய லவெர்ன் ஸ்காருக்கா தெரியாது?

கல்லுக்காகப் புருஷனை விட்டவள் என்று இன்னொரு பேச்சு. கல்லாம்! அது மூன்று கொம்பு டைனோசரின் மண்டை. காய்ந்த ஓடையில் கிடந்த பழுப்புச் சில்லு ஒன்றைப் பார்த்துவிட்டு, சரிவேறித் தேடி, சொந்த நிலத்தில் அவளே கண்டுபிடித்தது. மூன்று கோடை. மாட்டு வேலையும் சமையலும் முடித்த பிறகுதான் குன்றுக்குப் போவாள். பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளி, விரிசலில் சொட்டுச் சொட்டாகப் பசை விடுவாள். கழுத்தைச் சுற்றிய கேடய எலும்பு மட்டுமே சாப்பாட்டு மேசை அகலம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அவர்களும் வாசலில் இடம் ஒதுக்கிவிட்டார்கள்.

தூக்கும்போது நொறுங்காமலிருக்க மேலே ஈரக் காகிதம் ஒட்டி, பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத்துணி சுற்றியாகிவிட்டது. அடிப்பக்கம் பாக்கி. அதற்குள் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாள் வந்துவிட்டது. அக்கம்பக்கத்து ஆட்கள் உதவிக்கு வந்து நின்றபோதே புருஷன் மெர்லிடம் சொன்னாள்:

"அடி இன்னும் கட்டலை. திருப்பினா எல்லாம் கொட்டிடும். கிட்டவே போகாதே."

"எத்தனை தடவை சொல்லுவே? நான் என்ன சின்னப் புள்ளையா?"

எல்லோரும் கேட்டார்கள். நினைவிருக்கட்டும்.

மத்தியானம் அவள் இருபது பேருக்கு பீன்ஸ் கிளறிக்கொண்டிருக்க, வெளியே பீர் டப்பாக்கள் திறந்தன. பக்கத்துப் பண்ணை ஹால்வர் ஆரம்பித்தான்:

"ஏம்ப்பா மெர்ல், உன் பொண்டாட்டி மூணு வருஷமா அந்தக் குன்னுல என்ன, பிளாஸ்டர் புள்ளையா வளர்க்கிறா?"

"வாங்கடா, காட்டறேன்."

டிராக்டர் சத்தம் குன்றுப் பக்கம் போவதைக் கேட்டு, கரண்டியும் கையுமாக ஓடினாள். அதற்குள் மெர்ல் ஓட்டிய டிராக்டரின் மண் அள்ளும் முன்தொட்டி அதை நெம்பிக் கவிழ்த்துவிட்டது. பிளாஸ்டர் மட்டும் காலி ஓடு மாதிரி புரண்டது. மூக்கும் தாடையும் கேடயமும் சல்லி சல்லியாகச் சரிவில் உருண்டன.

"கல்லுதானே லவெர்ன், ஒட்டிக்கலாம்" என்றான் ஹால்வர்.

மெர்லுக்குக் காது வரை சிவந்தது. "பிளாஸ்டர் சரியா போடலை. அவ கைவேலை அவ்வளவுதான்."

காலையில் கேட்ட காதுகள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. ஒருவர் வாயாவது திறந்ததா? பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களே! அப்புறம் அவள் போட்ட பீன்ஸைத் தின்றும் விட்டீர்கள்.

எல்லோரும் வாசலில் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போதே அவள் கேட்டாள்:

"நான்தான் உடைச்சேன்னு சொல்லு மெர்ல். ஒரே தடவை. இவங்க முன்னாடி."

"நாலு பேர் எதிர்ல என்னை அசிங்கப்படுத்தாதே. ஸ்கூல்ல கேட்டா உன் கைலதான் உடைஞ்சதுன்னு சொல்லிடு."

லவெர்ன் உள்ளே போய் ஏப்ரனை அவிழ்த்து அடுப்பின் மேல் போட்டாள். சரிவிலிருந்து எடுத்து வந்திருந்த, உடையாமல் தப்பிய ஒற்றைக் கொம்பைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, உங்கள் தட்டுகளைத் தாண்டி வெளியே நடந்தாள். கொம்பை வண்டியின் முன்சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டாள்.

"போறதுன்னா போ! கதவை மூடிட்டுப் போ!" என்று மெர்ல் கத்தினான்.

அவள் ஒருமுறை இறங்கினாள். கம்பி வளையத்தைக் கழற்றி, கதவை இழுத்துப் புல்லில் கிடத்திவிட்டு, வண்டியைத் தாண்டி ஓட்டினாள். இரண்டாம் முறை இறங்கவில்லை.