டவுன் பஸ்ஸில் பேசிய ஆங்கிலம்

நர்சிங் முடித்துவிட்டு கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வளைகுடாவுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று எங்கும் பேச்சாக இருந்த காலம். நேர்காணல் ஆங்கிலத்தில்தான் என்றார்கள். மாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன்.

அங்கே பேசியதைவிட எழுதியதே அதிகம். சார் கேள்வி கேட்டால், இறந்தகாலமா நிகழ்காலமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அடுத்தவரிடம் போய்விடுவார். பக்கத்தில் உட்காரும் அக்காவும் அப்படித்தான் விழித்தார். அவரும் எங்கள் ஊர் வலங்கைமான்தான்; வகுப்பு முடிந்து ஒரே பஸ்ஸில்தான் திரும்புவோம். கடைத்தெருவில் அவருடைய அப்பா, அவர் வாயில் 'அத்தா', பாத்திரக்கடை வைத்திருந்தார். கல்யாணமான கையோடு ஷார்ஜா போன கணவர், விசா எடுத்து அவரைக் கூப்பிட்டிருந்தார்.

"கிளாஸ்ல வாயே வர மாட்டேங்குது. பஸ்ல பேசிப் பாப்போமா?" என்று அக்காதான் கேட்டார். ஊர் வரும்வரை தமிழ் கூடாது என்று முடிவு செய்தோம்.

முதலில் சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம். பிறகு வெளியே தெரிந்ததையெல்லாம் பேசினோம். வயல் மடையைக் காட்டி, "வாட்டர் கோயிங், ஸ்மால் டோர்" என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கூச்சமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் பஸ்ஸில் நிற்க இடமில்லை. அக்கா கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் சாய்ந்தார். பிறகு மெதுவாக, "ஐ நோ ஹிஸ் வாய்ஸ். ஐ டோன்ட் நோ ஹிம்" என்றார்.

போனில் வரும் குரலைத் தெரியும், ஆளைத் தெரியாது. சுற்றிலும் ஊர்க்காரர்கள். தமிழில் சொல்லியிருந்தால் அவருக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போயிருக்கும். நான் இலக்கணம் தேடவில்லை. எனக்கும் போகப் பயம், போகாமல் இருக்கவும் பயம் என்று வந்த சொற்களில் சொன்னேன். போவதற்கு முன் கணவரிடமே எல்லாம் கேளுங்கள் என்றேன். என்ன கேட்பது என்றார். எதற்குக் கோபம் வரும், என்ன பிடிக்கும் என்று அடுக்கினேன். ஊர் வந்ததே தெரியாமல், கண்டக்டர் வந்து எங்களை இறக்கிவிட வேண்டியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா எஸ்.டி.டி. பூத்தில் கணவரிடம் கேட்டிருக்கிறார். தனக்கும் உள்ளுக்குள் உதறலாகத்தான் இருக்கிறது என்றாராம் அவர். அதன்பின் அக்கா பெட்டி கட்டத் தொடங்கினார்.

சென்னை நேர்காணலில் ஏன் போகிறாய் என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு, நாற்று நடும் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். இறந்தகாலமும் நிகழ்காலமும் குழம்பின. அவர்கள் மேலும் கேட்டார்கள், நானும் பேசினேன். மஸ்கட்டில் வேலை கிடைத்தது.

நான் கிளம்புவதற்கு முன் ஷார்ஜாவிலிருந்து அக்கா போனில் கூப்பிட்டார். கணவர் நல்ல மாதிரிதான், சாப்பாட்டில்தான் குறை சொல்கிறார் என்றார். இங்கிலீஷ் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"இங்க யாரு இங்கிலீஷ் பேசுறா? கடையில மலையாளம், மாடி வீட்டுல இந்தி. ரெண்டையும் தப்புத் தப்பா பேசிக்கிட்டிருக்கேன்" என்று சிரித்தார்.