மாமாவின் கார் மடைக்குள் இறங்கிய நாள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை நான்தான் முதலில் பார்த்தேன். அப்போது அவர்கள் தண்ணீருக்குள் இருந்தார்கள்.

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. மலாக்காவில் சுங்கை ரம்பாய் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து, நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டால் மறுநாள் காலைவரை யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, மாப்பிள்ளை வீட்டாரை மத்தியானமே வந்துவிடும்படி சொல்லி அனுப்பியிருந்தார். அவர்கள் வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. வழியெல்லாம் போலீஸ் தடுப்பு, சோதனை. போதாததற்கு மழை வேறு.

கேட்டுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், சாலை பள்ளமாக இறங்கும். மழைக்காலத்தில் அங்கே மடை நிரம்பி ரோட்டின் மேல் ஓடும். சோடித்து உட்காரவைத்திருந்த நான், கார் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு அக்காவோடு வேலியோரம் ஓடிவந்து நின்றேன்.

காரை ஓட்டி வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை, பின்னால் அவருடைய அம்மா. கேட்டில் நின்ற மலாய்க் காவலர் ஓடிவந்து, தண்ணீரில் இறங்காதீர்கள் என்று கையை உயர்த்திக் காட்டினார். மாமா அதை சலாம் என்று எடுத்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுக் காரை வேகமாக இறக்கினார்.

முன்னால் எழும்பிய தண்ணீர் பானட்டின் மேல் ஏறி வழிந்தது. நட்ட நடுவில் கார் இரண்டு தடவை இருமியது. பிறகு சத்தமே இல்லை. பின் சீட்டில் அந்த அம்மா கால்களைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு வெற்றிலையை மென்றபடி இருந்தார். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் தொடை வரைக்கும் இருந்தது. எங்கள் தோட்டத்துப் பையன்கள் போய் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அந்த அம்மாவோடு சேர்த்தே காரைத் தள்ளிக் கரையேற்றினார்கள்.

காரை ஸ்டார்ட் பண்ண மாமா முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றப் பார்த்தார். அது அசையவில்லை. கார் சாமான் கடையில் வேலை பார்த்த மாப்பிள்ளை பணிவாகத்தான் சொன்னார்.

“மாமா, இஞ்சினுக்குள்ள தண்ணி போயிருக்கு. பிளக்கைக் கழட்டி வெளியேத்திட்டுப் பாக்கலாம்லா. இப்ப ஸ்டார்ட் பண்ணா உள்ள ராடு வளஞ்சிடும்.”

நீ சாமான் விற்கிறவன், கார் ஓட்டுகிறவன் நான் என்று மாமா அவரை அடக்கினார். கேட்டைத் தாண்டி உள்ளே நல்ல இறக்கம் இருந்தது. அதில் தள்ளச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளை மட்டும் தள்ளப் போகாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கார் வேகமாக உருண்டது. மாமா கியரைப் போட்டார். இரும்புச் சட்டியைச் சம்மட்டியால் அடித்தது போல் ஒரே ஒரு சத்தம். கார் குலுங்கி நின்றுவிட்டது.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா பார்த்துவிடக் கூடாதென்று சட்டென்று வேலிப் பக்கம் திரும்பினார். அங்கே நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடக்க முயன்றதில் சிரிப்பு இன்னும் அதிகமாகிவிட்டது. பெண் பார்த்தது அவ்வளவுதான். பிறகு நான் தலைகுனிந்து காப்பி கொண்டுபோனதெல்லாம் பெரியவர்களுக்காக.

கேட்டைப் பூட்டிவிட்டதால் அவர்கள் அன்று தங்கவேண்டியதாயிற்று. அரிசி அளந்து கொடுத்த காலம் அது. மூன்று விருந்தாளிகளுக்கு எங்கள் வீட்டுச் சோறு காணாது. லயத்தில் வீட்டுக்கு ஓர் அகப்பை சோறு கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார்கள். மாமா நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, வந்த காரியத்துக்குச் சகுனம் சரியில்லை, வாசலிலேயே கார் கெட்டுப்போய்விட்டது, யோசிக்கவேண்டும் என்றார். அப்பா முகம் வாடிவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அழுகை முட்டியது.

மாப்பிள்ளை இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

“காரைக் கெடுத்தது தண்ணி, மாமா. பொண்ணு வேலிக்கு உள்ளதான் நின்னுச்சு.”

நான் வேலியோரம் நின்றது அதுவரை அப்பாவுக்குத் தெரியாது. அம்மா என் தொடையில் நன்றாகக் கிள்ளினார். மாப்பிள்ளையின் அம்மாவோ ஒன்றும் கேளாதவர் போல், கல்யாணத்தை மழை விடுவதற்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்று அப்பாவிடம் விசாரிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் தோட்டத்து லாரி காரைக் கயிறு கட்டி மலாக்காவுக்கு இழுத்துப் போனது. இஞ்சினைப் பிரித்தபோது உள்ளே ராடு வளைந்திருந்ததாம். மாற்றுச் சாமான் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டியிருந்தது. அது வருவதற்குள் எங்களுக்குக் கல்யாணமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பஸ்ஸில் வந்தார்கள். மாமா டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வழி முழுக்க அவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தபடி வந்தாராம்.