கோர்ட்டு ஒட்டிய கதவு

மதினியை நினைத்தால் சேரன்மகாதேவியில் அவள் வீட்டு வாசல் கதவில் ஒட்டியிருந்த தாள்தான் முதலில் கண்ணுக்குள் வரும். கோர்ட் உத்தரவுகளைக் கொண்டுவரும் ஊழியரான அமீனா மைதாப் பசையைத் தாராளமாகத் தடவியிருந்தார். மஞ்சள் பூசிய நிலைப்படி வரை வழிந்திருந்தது. மதினி என் அண்ணன் பெண்டாட்டி. அவளை அடித்தவனும் அதே அண்ணன்தான். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது.

இன்று இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. அன்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் புத்திமதி சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வீடு மட்டும் மதினியின் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்தது. பாளையங்கோட்டை வக்கீலம்மா சாமர்த்தியசாலி. அதையே பிடித்துக்கொண்டு, அண்ணன் அந்த வாசலை மிதிக்கக் கூடாதென்று தடை உத்தரவு கேட்டு வழக்குப் போட்டார். வாய்தாவுக்கு மதினி தனியாகத்தான் பஸ் ஏறினாள். கோர்ட் படி ஏறிய பொம்பளை என்று அவள் கூடப்பிறந்தவர்களே ஒதுங்கிவிட்டார்கள். காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு ஒருநாள் நானும் போனேன். வராந்தா பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது. நான் போய் உட்கார்ந்ததும், அண்ணனோடு எதிரே நின்ற அம்மா, "கூடப்பொறந்தவனுக்கு எதிராவாட்டி உக்காருத? இங்கன வா" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. மதினி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தனியாகவே இருந்து பழகியவளுக்குத் துணை வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை போலும்.

உத்தரவு கிடைத்தது. அண்ணன் அதை வாங்க மறுத்தான். ஆள் வாங்காவிட்டால் அவன் வீட்டுக் கதவில் ஒட்டிவிடுவார்கள். 'அது என் வீடு' என்ற வீம்பில் அவன் கோர்ட்டில் கொடுத்திருந்த விலாசமோ மதினி வீடு. ஆக, அவனுக்கு வந்த உத்தரவு அவள் கதவில் ஏறிவிட்டது.

எங்கள் பக்கம் அமீனா வந்தால் ஜப்தி என்றுதான் அர்த்தம். தாளைக் கிட்டப் போய்ப் படிக்காமலே, மதினியின் வீடு கடனில் போய்விட்டது என்று தெரு முழுக்கப் பேச்சு. அந்த வருஷம் கொலுவுக்குக்கூட அவளை யாரும் அழைக்கவில்லை. அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போதே அண்ணன் குடித்துவிட்டு வந்தான். மதினி தாழ்ப்பாளைப் போட்டு, கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். அவன் உதைத்த ஒவ்வொரு உதைக்கும் அவள் தோள் குலுங்கியது. எத்தனையோ முறை அவள் அலறியபோது ஜன்னலைச் சாத்திக்கொண்ட தெரு அது. அன்றைக்கு ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சியின் குரல் முதலில் கேட்டது. "ஏலே, கோர்ட்டு ஒட்டுன கதவுலே அது! ஒடைச்சா நாளைக்கு எங்களையில்லா சாட்சிக்கு இழுப்பாவ." எல்லோருமாகச் சேர்ந்து அவனைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனார்கள்.

சத்தம் அடங்கியதும் எனக்கு அழுகை வந்தது. "ஜப்தி இல்ல, அண்ணன் உள்ள வரக்கூடாதுன்னு கோர்ட்டு போட்ட உத்தரவுன்னு இப்பவாவது அவங்ககிட்ட சொல்லுங்க மதினி" என்றேன்.

அவள் கதவைவிட்டு இன்னும் நகரவில்லை.

"ஏட்டி, சொன்னா புருசன் பொண்டாட்டி சண்டைன்னு எல்லாரும் வீட்டுக்குள்ள போயிருவாவ."